சுப்பர் டீசல் கூட ஓடுமா?

அண்மையில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு என் மருமகனின் வானில் பயணம் செய்தேன். தங்கையின் மகன். வாடகைக்கு வான் ஓடுவதே அவனுடைய தொழில். வானுக்கான லீசிங் கட்டுப்பணம் இன்னும் முடியவில்லை. ஏ-9 வீதியால் செல்லும் சாரதிகள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அப்பால் போவதில்லை. அவனும் நிறுத்தினான். தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, வழமைபோல ஒரு சரை கச்சானும் வாங்கி வந்து அமர்ந்தவன், கச்சானை உடைத்தபடியே கேட்டான்.

"மாமா, சுப்பர் டீசல் அடிச்சால் லீற்றருக்குக் கூட ஓடும் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள். உண்மையோ? நீங்கள் பேப்பர்க்காரர்தானே, ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ."

நான் கலைப்பட்டதாரி. இயந்திரவியல் என் துறையன்று. ஆயினும் இந்தக் கேள்வி எனக்குப் புதிதுமன்று. 1990களின் யாழ்ப்பாணத்தில் இதே கேள்வியின் மறுபக்கத்தோடு நாங்கள் வாழ்ந்தோம். நல்ல டீசல் கூட ஓடுமா என்று அன்று எவரும் கேட்கவில்லை. டீசலே இல்லாத ஊரில் டீசல் வாகனத்தை எதைக்கொண்டு, எத்தனை நாளைக்கு ஓட்டலாம் என்பதே அன்றைய கேள்வி. அந்த அனுபவத்தையும் பின்னாளில் படித்தறிந்ததையும் சேர்த்து, மருமகனுக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கதையை அந்த எண்ணெய்க்குப் பெயர் கொடுத்த மனிதரிலிருந்தே தொடங்க வேண்டும். ருடோல்ஃப் டீசல் 1858இல் பாரிஸ் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்த குடியேறிகள். 1870இல் பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் போர் மூண்டபோது, மற்றைய ஜேர்மனியர்களைப் போல அக்குடும்பமும் பாரிசை விட்டு வெளியேறி லண்டன் சென்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவனான ருடோல்ஃப், படிப்பதற்காக அங்கிருந்து உறவினரிடம், ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகருக்கு அனுப்பப்பட்டார். போர் இடம்பெயர்த்த பிள்ளைகளின் கதை நமக்கு நன்கு தெரிந்த கதைதான்.

பின்னர் மியூனிக்கில் பொறியியல் கற்றபோது, குளிரூட்டும் இயந்திரத் துறையின் முன்னோடியான பேராசிரியர் கார்ல் வொன் லிண்டவின் விரிவுரைகள் அவருக்குக் கிடைத்தன. நிலக்கரியில் உள்ள சக்தியில் பத்திலொரு பங்குக்கும் குறைவானதையே அன்றைய நீராவி இயந்திரங்கள் உழைப்பாக மாற்றின; மிகுதியெல்லாம் வெப்பமாக வீணே போயிற்று. இந்த வீண்செலவு அந்த இளைஞரின் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. காற்றை மிகக் கடுமையாக அமுக்கினால் அது தானே சூடாகும், அச்சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்ற எண்ணத்தின் மீது 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897 பெப்ரவரியில் ஒக்ஸ்பேர்க் தொழிற்சாலையில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அவருடைய இயந்திரத்தைச் சோதித்து, அதன் வினைத்திறன் 26.2 வீதம் என்று அறிவித்தார். அன்றைய உலகில் வேறெந்த வெப்ப இயந்திரமும் எட்டாத அளவு அது.

அந்தச் சோதனையில் எரிந்தது இன்று நாம் டீசல் என்று அழைக்கும் எண்ணெயன்று. விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய். அதற்கு முன்னர் நிலக்கரித் தூளையே எரிபொருளாக்கலாம் என்றும் டீசல் எண்ணியிருந்தார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் பிரெஞ்சு நிறுவனமொன்று சிறியதொரு டீசல் இயந்திரத்தைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. முறிகண்டிக் கச்சானின் எண்ணெய்தான். பார்த்தவர்களிற் பலருக்கு அது வேறு எண்ணெயில் ஓடுகிறது என்பதே தெரியவில்லையாம். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை விளைந்ததால் பிரெஞ்சு அரசுக்கு அதில் அக்கறை இருந்தது.

ஆகவே, டீசல் வாகனத்தின் சிக்கனம் எண்ணெயின் குணத்தால் பிறந்ததன்று. அது காற்றை அமுக்கும் அந்த இயந்திரத்தின் குணம். 1913 செப்ரெம்பர் 29ஆம் திகதி இரவு, அன்ற்வேர்ப்பிலிருந்து இங்கிலாந்து நோக்கிச் சென்ற 'டிரெஸ்டன்' கப்பலிலிருந்து ருடோல்ஃப் டீசல் மறைந்துபோனார். தற்கொலையா, விபத்தா, கொலையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அவர் இறக்கும்போது, மண்ணெண்ணெயைவிடக் கனமான, மலிவான எண்ணெய்கள் அவருடைய இயந்திரத்துக்குப் பழகிவிட்டிருந்தன.

தொடக்ககால டீசல் இயந்திரங்கள் கப்பலிலும் தொழிற்சாலையிலும் நின்று மெதுவாகச் சுழன்றவை. எண்ணெய் எரிவதற்கு அவை தாராளமாக நேரம் கொடுத்தன. 1927இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் எண்ணெயை அளந்து உயர் அமுக்கத்தில் செலுத்தும் பம்பைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியதும் டீசல் இயந்திரம் லொறிகளில் பரவலாயிற்று. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற காரிலும் வந்தது. வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் எண்ணெய்க்குக் கிடைக்கும் அவகாசம் நொடியின் மிகச் சிறிய பின்னம். அதற்குள் பற்றாமற் பிந்தினால், சேர்ந்த எண்ணெயெல்லாம் ஒருங்கே வெடித்து "டொக், டொக்" என்று தட்டும், புகையும் கக்கும்.

எந்த எண்ணெய் சுணங்காமற் பற்றும் என்பதை அளக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1930களில், ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் இயங்கிய ஷெல் ஆய்வுகூடத்தின் பூர்லாகே, புரூஸே என்னும் இருவரின் ஆய்விலிருந்து அது பிறந்தது. அதுவே நாளடைவில் சீற்றேன் எண் என்று நிலைபெற்றது. பதினாறு கரிம அணுக்கள் சங்கிலியாகக் கோத்த சீற்றேன் என்ற சேர்வைக்கு 100 புள்ளி. மிகவும் சுணங்கிப் பற்றும் வேறொரு சேர்வைக்குச் சுழியம். நம் டீசல் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும். அமெரிக்க நியமம் ஆகக் குறைந்தது 40 என்கிறது. ஐரோப்பிய நியமம் 51 என்கிறது.

'சுப்பர்' என்ற பெயரில் விற்கப்படும் டீசல்களின் பெருமைகளில் முதலாவது இந்த எண்தான். ஆனால் சீற்றேன் எண் என்பது எண்ணெய் எவ்வளவு விரைவில் பற்றும் என்பதைச் சொல்வது. எவ்வளவு சக்தி தரும் என்பதை அது சொல்வதில்லை. காய்ந்த ஓலை சட்டென்று பற்றும், புளியங்கட்டை மெதுவாகப் பற்றும். எதில் உலை அதிக நேரம் கொதிக்கும் என்று அடுப்படியில் நின்ற எவரையும் கேட்டுப் பாருங்கள். எண் கூடினால் காலைக்குளிரில் வாகனம் எளிதில் ஸ்ரார்ட் ஆகும், தட்டும் ஓசை தணியும், வெண்புகை குறையும். இயந்திரத்துக்குத் தேவையான எண் ஏற்கெனவே கிடைத்திருந்தால், அதற்குமேல் கூட்டுவதால் கிலோமீற்றர் பெரிதாகக் கூடாது.

அப்படியானால் கிலோமீற்றரைத் தீர்மானிப்பது எது? எண்ணெயின் எடை. டீசலையும் மண்ணெண்ணெயையும் எடைக்கு எடை நிறுத்துப் பார்த்தால் இரண்டிலும் உள்ள சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 43 மெகாயூல். ஆனால் நாம் எண்ணெயை நிறுத்து வாங்குவதில்லை, அளந்து வாங்குகிறோம். ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ 830 அல்லது 840 கிராம் இருக்கும். அதில் சுமார் 36 மெகாயூல் சக்தி. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 800 கிராம் அளவில்தான் இருக்கும். சக்தியும் அதற்கேற்ப நான்கு வீதம் வரை குறையும். பெற்றோல் இன்னும் இலேசு.

ஐரோப்பிய நியமம் டீசலின் அடர்த்திக்கு லீற்றருக்கு 820 முதல் 845 கிராம் வரை இடம் கொடுக்கிறது. ஆகவே, நியமத்துக்கு முற்றிலும் உட்பட்ட இரண்டு நல்ல டீசல்களுக்கிடையிலேயே மூன்று வீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. பத்துப் பாகை சூடேறினால் டீசல் சுமார் 0.8 வீதம் விரிகிறது. அதாவது, நண்பகலில் சூடேறிய எண்ணெயை அளந்து வாங்கினால் அதே லீற்றரில் சற்றுக் குறைந்த எண்ணெயே கிடைக்கும்.

இதில் வேடிக்கையான முரண் ஒன்று உண்டு. கந்தகத்தையும் புகை கக்கும் சேர்வைகளையும் நீக்கி எண்ணெயைச் சுத்தமாக்கும்போது அது பெரும்பாலும் சற்று இலேசாகிறது. எனவே, மிகச் சுத்தமான டீசல் லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே ஓடக்கூடும். மருமகன் இதை நம்பவில்லை. "சுத்தமானது எப்பிடி மாமா குறைய ஓடும்?" என்றான். அவனுக்கு யாழ்ப்பாணத்துக் கதையொன்றைச் சொன்னேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அதைத் தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் யாழ்ப்பாணத்துக்குத் தடைசெய்யப்பட்டன. மின்சாரம் நின்றது. புகையிரதம் நின்றது. அளவோடு வந்த மண்ணெண்ணெயே விளக்குக்கும் இறைப்புக்கும் வாகனத்துக்கும் பொதுவாயிற்று. பெற்றோலில் ஓடிய பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மோட்டார் சைக்கிள்களும் சூப்பிப் போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடிய காட்சியை அக்காலத்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புகையின் மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

டீசல் வாகனங்களின் பாடு முதலில் எளிதாகத் தோன்றியது. ருடோல்ஃப் டீசலின் இயந்திரம் பிறந்ததே மண்ணெண்ணெயில் அல்லவா? ஊற்றியவுடன் ஓடின. நான் அப்போது பத்திரிகையொன்றில் இளம் நிருபர். வரியிட்ட பாடசாலைக் கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சான காலம். எங்களிடம் ஒரேயொரு பழைய டீசல் வான் இருந்தது. அதன் சாரதியை நாங்கள் அண்ணை என்றே அழைப்போம். விடிவதற்கு முன் பத்திரிகைக் கட்டுகளோடு வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் போய்வருவது அவருடைய வேலை.

அண்ணை பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் ஒரு சிறிய கொப்பியில் ஊற்றிய எண்ணெயையும் ஓடிய மைலையும் நாள் தவறாமல் எழுதி வைப்பார். மண்ணெண்ணெயில் ஓட்டம் எவ்வளவு குறைந்தது என்று ஒருநாள் கேட்டேன். "பெரிசாக் குறையேல்லைத் தம்பி. ஆனால் எண்ணெயில பிசுக்கில்லை. பம் சாகுது. அதுதான் பயம்" என்றார். மண்ணெண்ணெயோடு கொஞ்சம் பழைய என்ஜின் ஒயிலோ தேங்காய் எண்ணெயோ கலந்துதான் அவர் ஊற்றுவார். அவை கிடைக்காத நாட்களில் வெறும் மண்ணெண்ணெய்தான்.

டீசலைச் செலுத்தும் பம்பினுள் ஊசியளவு இடைவெளிகூட இல்லாமற் பொருந்திய உருக்குத் தண்டுகள் உள்ளன. அவற்றுக்கு வேறு எண்ணெய் விடுவதில்லை. அவற்றினூடே ஓடும் டீசலின் பிசுக்கே அவற்றைத் தேயாமற் காக்கிறது. மண்ணெண்ணெயில் அந்தப் பிசுக்குப் போதாது. தண்டுகள் மெல்ல மெல்லத் தேயும். தேய்ந்த பம் குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும். சூடேறியதும் எண்ணெய் நீர்த்து, தேய்ந்த இடைவெளியால் நழுவிவிடும். அந்நிலையில் இயந்திரம் நின்றால் மீண்டும் ஸ்ரார்ட் ஆகாது. ஈரச்சாக்கைப் பம்பின் மேல் போட்டு, அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். 1995 ஆகும்போது எங்கள் வான் அந்த நிலைக்கு வந்திருந்தது. ஆசனத்தின் கீழ் அண்ணை எப்போதும் ஒரு சாக்குத் துண்டு வைத்திருப்பார்.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பல இலட்சம் மக்கள் ஒரே இரவில் செம்மணி வீதியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தார்கள். மழை. அண்ணையின் தாயாரும் பிள்ளைகளும், பத்திரிகையின் வயதான அச்சுக்கோப்பாளர் ஒருவரும், நானும் வானில் இருந்தோம். மனிதர் நடக்கும் வேகத்தில், முதலாவது கியரில், மணிக்கணக்காக ஊர்ந்ததில் இயந்திரம் கொதித்தது. செம்மணி வெளியில் நின்றது.

அண்ணை சாக்கை மழைநீரில் நனைத்துப் பம்பின் மேல் போட்டார். கால்மணி நேரத்தில் ஒருமுறை ஸ்ரார்ட் ஆயிற்று. நூறு யார் கூடப் போகவில்லை, மீண்டும் நின்றது. அதன்பின் எத்தனை முறை நனைத்தும் பயனில்லை. பின்னால் வந்த சனம் எங்களைச் சுற்றி வழிந்து போய்க்கொண்டிருந்தது. இறுதியில் வானை வீதியோரம் தள்ளிவிட்டு நடந்தோம். நடக்க இயலாத தாயாரை யாரோ ஒருவருடைய சைக்கிள் கரியரில் இருத்தி, அண்ணை ஒருபுறம் நான் ஒருபுறம் பிடித்துக்கொண்டு போனோம். விடிந்தபோதுதான் கைதடியை அடைந்தோம். தாயாருக்கு அன்று பிடித்த சளிக்காய்ச்சல் நெடுநாள் விடவில்லை. வானை நாங்கள் மறுபடி காணவில்லை.

அன்று தாங்கியில் எண்ணெய் இல்லாமல் வான் நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தாங்கி அரைவாசி நிரம்பியிருந்தது.

அந்த இரவின் காரணத்தை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து, சுவீடனின் கதையைப் படித்தபோதுதான். அமில மழையால் ஏரிகளை இழந்த அந்நாடு, 1991இல் உலகிலேயே மிகச் சுத்தமான டீசலுக்கு வரிச்சலுகை கொடுத்தது. பத்து இலட்சம் பங்கு எண்ணெயில் கந்தகம் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அந்த டீசலின் அடர்த்தி லீற்றருக்கு 800 முதல் 820 கிராம் வரைதான். குணத்தில் அது மண்ணெண்ணெய்க்கு அருகில் நின்றது. ஊர்களின் காற்றுக்கு நன்மை கிடைத்தது. ஆனால் லீற்றருக்கான ஓட்டம் சற்றுக் குறைந்தது. அதைவிட முக்கியமாக, வாகனங்களின் பம்புகள் தேய்ந்து பழுதடையத் தொடங்கின.

கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலுக்கு இயல்பாகப் பிசுக்கைக் கொடுத்த வேறு சில சேர்வைகளையும் சேர்த்தே நீக்கிவிட்டிருந்தது. சுவீடன்காரர் காரணத்தைக் கண்டுபிடித்துப் பிசுக்குச் சேர்க்கும் பொருளைச் சிறிதளவு கலந்து சரிசெய்தனர். பின்னர் ஐரோப்பிய நியமத்திலேயே பிசுக்குத் தன்மைக்கும் ஒரு சோதனை இடம்பெற்றது. உலகின் மிகச் சுத்தமான டீசலும், தடைக்குட்பட்ட யாழ்ப்பாணத்தின் மண்ணெண்ணெயும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே விதமாகப் பம்புகளைத் தேய்த்திருக்கின்றன. அங்கே ஆய்வுகூடம் இருந்தது. இங்கே அண்ணையின் தேங்காய் எண்ணெய் இருந்தது. இரண்டும் செய்ய முயன்ற வைத்தியம் ஒன்றுதான்.

இலேசாகிறது, பம்பையும் தேய்க்கிறது என்றால், கந்தகத்தை நீக்க ஏன் உலகம் இவ்வளவு பாடுபட்டது என்ற கேள்வி எழும். கந்தகம் எரிந்து நீராவியோடு சேர்ந்தால் அமிலமாகும். அது இயந்திரத்தின் ஒயிலைக் கெடுத்துச் சிலிண்டரை அரிக்கும். ஆகவேதான் கந்தகம் மிகுந்த டீசல் பாவிக்கும் நாடுகளில் என்ஜின் ஒயிலை அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள். புகையிலுள்ள கரித்துகளையும் அது கூட்டும். புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளையும் கரிவடிகட்டிகளையும் பழுதாக்கும். ஐரோப்பா 1996இல் 500 பங்காகவும், 2000இல் 350 ஆகவும், 2005இல் 50 ஆகவும், 2009இல் 10 ஆகவும் கந்தகத்தின் எல்லையைப் படிப்படியாக இறுக்கியது. இந்தியா 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் 10 பங்குக்கு வந்தது. 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

இலங்கை இந்த ஓட்டத்தில் மிகவும் பின்தங்கியே வந்தது. சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல், ஈரானின் இலகுவான மசகெண்ணெயைக் கருத்திற்கொண்டு தொடங்கப்பட்டது. கந்தகத்தை இன்றைய அளவுக்கு நீக்க வேண்டும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது; பெற்றோலைவிட டீசல் மலிவாக விற்கப்பட்டது; ஜப்பானிய டீசல் வான்கள் தெருவெங்கும் நிறைந்தன. கந்தகம் ஆயிரக்கணக்கான பங்குகளில் கிடந்த டீசலையே அவை நெடுங்காலம் குடித்தன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை வந்தது. 2018 ஜூலையில்தான் 'யூரோ 4' தரத்து சுப்பர் டீசல் அறிமுகமாயிற்று. அதன் கந்தகம் 50 பங்குக்கு உட்பட்டது.

இனி மருமகனின் கணக்குக்கு வருவோம். 2021 டிசெம்பர் விலைப்படி ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபா, சுப்பர் டீசல் 159 ரூபா. கொழும்பு – யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வானுக்கு 40 லீற்றர் வேண்டும். ஓட்டோ டீசலில் 4,840 ரூபா. சுப்பரில் 6,360 ரூபா. மேலதிகச் செலவான 1,520 ரூபாவை ஓட்டத்தில் மீட்பதானால், பத்து ஓடிய வான் பதின்மூன்றுக்கு மேல் ஓட வேண்டும். 2022 ஜூனில், நெருக்கடியின் உச்சத்தில், 460 ரூபாவும் 520 ரூபாவுமாக விலை இருந்தபோதுகூட, ஈடுகட்டுவதற்கு லீற்றருக்குப் பதினொன்றே காலுக்கு மேல் ஓட வேண்டியிருந்தது. மேலே சொன்ன மூன்று, நான்கு வீத வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால், நல்ல நிலையிலுள்ள வானுக்கு எந்த டீசலும் அதைக் கொடுக்காது. விலை மாறும்போதெல்லாம் இந்தக் கணக்கை எவரும் தாமே போட்டுப் பார்க்கலாம்.

அப்படியென்றால், "மாற்றினேன், கூட ஓடியது" என்று சொல்லும் சாரதிகள் எல்லோரும் பொய்யர்களா? இல்லை. அடைபட்ட இன்ஜெக்டரை, சுத்திகரிக்கும் பொருள் கலந்த டீசல் மெல்லத் துப்புரவாக்கினால், இழந்திருந்த ஓட்டம் திரும்ப வரும். ஆனால் அது புதிதாகக் கிடைத்த இலாபமன்று, முன்பு கைநழுவிய முதல். இன்னொரு காரணமும் உண்டு. முன்னர் அடித்த டீசல் உண்மையான டீசல்தானா? 2022 ஓகஸ்ற் வரை மண்ணெண்ணெய் 87 ரூபாவுக்கு விற்கப்பட்டது. அந்த மாதம்தான் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அவ்வளவு பெரிய விலை இடைவெளி கலப்படக்காரனுக்கு அழைப்பிதழ் வைப்பது போன்றது. மண்ணெண்ணெய் கலந்த டீசலிலிருந்து கலப்படமற்ற டீசலுக்கு மாறியவர், அது சுப்பர் என்பதால்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

மருமகன் என் கணக்கோடு நிற்கவில்லை. தாங்கியை வாய்வரை நிரப்பி, ஓடி, மறுபடி வாய்வரை நிரப்பி அளந்தான். ஓட்டோ டீசலில் மூன்று பயணம், சுப்பரில் மூன்று பயணம். அண்ணையைப் போலவே ஒரு கொப்பியும் போட்டான். இரண்டு டீசலுக்கும் இடையில் கண்ட வித்தியாசத்தைவிட, ஒரே டீசலில் ஓடிய மூன்று பயணங்களுக்கிடையிலிருந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. ஒருநாள் ஆட்கள் குறைவு. ஒருநாள் புத்தளம் வரை வாகன நெரிசல். ஒருநாள் விமானத்துக்குப் பிந்திவிட்ட குடும்பமொன்றுக்காக மிதித்து ஓடியிருக்கிறான். எண்பதில் போகும் வாகனம் நூறில் போனால், காற்றின் எதிர்ப்பு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. எந்த டீசலும் அதை ஈடுசெய்யாது.

வரலாறு முழுவதையும் பார்த்தால், டீசல் வாகனத்துக்குப் பெரிய சிக்கனத்தைத் தந்தவை இயந்திர மாற்றங்களே. பழைய வான்களில் எண்ணெய் முதலில் ஒரு சிறு அறைக்குள் எரிந்து பிறகே சிலிண்டருக்குள் வரும். நேரடியாகச் சிலிண்டருக்குள் செலுத்தும் முறை பரவியபோது 15 முதல் 20 வீதம் வரை எண்ணெய் மிச்சமாயிற்று. 1997இல் கார்களில் 'கொமன் ரெயில்' முறை வந்தது. ஆயிரம் வளிமண்டலங்களையும் மிஞ்சிய அமுக்கத்தில், ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னமேயான துளைகளினூடே அது எண்ணெயைச் சீறவிடுகிறது. அத்தகைய இயந்திரம் அழுக்கையும் தண்ணீரையும் கலப்படத்தையும் பொறுக்காது. அதன் புகையை வடிகட்டும் கருவி கந்தகத்தைப் பொறுக்காது. நல்ல டீசல் கிலோமீற்றரைத் தருவது இந்தச் சுற்றுவழியில்தான்: சிக்கனமான இயந்திரங்கள் ஒரு நாட்டின் வீதியில் நீண்டகாலம் உயிரோடு ஓடுவதற்கு அது இடம் கொடுக்கிறது.

மருமகனின் வான் அத்தகைய 'கொமன் ரெயில்' வான். ஆகையால் அவனுக்கு நான் சொன்னது இதுதான். லீற்றருக்குக் கூட ஓடும் என்று எண்ணிச் சுப்பர் டீசல் அடிக்காதே, அந்தக் காசு ஓட்டத்தில் திரும்ப வராது. உன் வானில் கரிவடிகட்டி இருந்தால், அல்லது கைநூல் கந்தகம் குறைந்த டீசல் கேட்டால், அதை அடி. அது வானுக்கான மருந்துச் செலவு என்று எழுதிக்கொள். எதை அடித்தாலும், அதிகம் விற்பனையாகும், நம்பிக்கையான இடத்தில் அடி. வடிகட்டியில் சேரும் தண்ணீரை நாள் தவறாமல் திறந்துவிடு. மிதியைப் பார்த்து மிதி.

"அவ்வளவுதானோ மாமா?" என்றான்.

அவ்வளவுதான். ஆனால் நோயாளியோடு யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கோ, பிள்ளைகளோடு விமான நிலையத்துக்கோ நள்ளிரவில் போகும் ஒருவனுக்கு, வான் லீற்றருக்கு எத்தனை ஓடியது என்பதைவிட, நின்ற இடத்திலிருந்து மறுபடி ஸ்ரார்ட் ஆகுமா என்பது பெரிய காரியம். செம்மணி வெளியில் மழைக்குள் நின்றபோது அதை நான் அறிந்துகொண்டேன். அண்ணை இப்போது இல்லை. அவருடைய கொப்பியும் அந்த வானோடு போய்விட்டது. இருந்திருந்தால் மருமகனிடம் கொடுத்திருப்பேன்.